பாதுகாப்பு கருதி

சண்முகவடிவுதான் கடைசி. மூன்று நாளாக அவள்தான் கடைசி. முன்னால் போன ஏழு பேருடைய முதுகுப் பைகளும் தேவதாரு மரங்களுக்கு நடுவே ஒரு வளைவில் தெரிந்து மறு வளைவில் மறைந்து, பிறகு கோயம்புத்தூர் டாக்டரம்மாவின் நீல மழைச்சட்டை மட்டும் ஒரு துளி தெரிந்து, அதுவும் போய்விட்டது. பின்னால் இரண்டடி தள்ளி ஜப்பானியப் பெண் கனாயே வந்துகொண்டிருந்தாள். வழிகாட்டி என்றால் முன்னால் போகவேண்டாமா என்று முதல் நாள் யாரோ கேட்டபோது, பாதை தானாகவே வழி காட்டிக்கொள்ளும், கடைசியில் வருகிறவருக்குத்தான் ஆள் வேண்டும் என்று அந்தப் பெண் தன் மெதுவான ஆங்கிலத்தில் சொன்னாள். கடைசியில் வருகிறவர் யார் என்று அப்போது யாருக்கும் தெரியாது. வடிவுக்கும் தெரியாது. பாளையங்கோட்டை மைதானத்தை ஆறு மாதம் தினமும் எட்டுச் சுற்று சுற்றியவள் அவள். மைதானத்தில் கல் கிடையாது, ஏற்றம் கிடையாது, அது அங்கே தோன்றவில்லை. இங்கே ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம். ஆயிரம் வருஷமாக ஆட்கள் நடந்து நடந்து நடுவில் குழிந்து, குழியில் பாசி பிடித்து, பாசியில் தண்ணீர் நின்று, காலை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு தடவையும் யோசிக்கவேண்டியிருக்கிறது. யோசித்துக் காலை வைக்கிற அந்த இடைவெளியில்தான் அந்தச் சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கருதி. வலது காலுக்கு ஒரு கருதி, இடது காலுக்கு ஒரு கருதி. பாதுகாப்பு கருதி. குழுவினரின் பாதுகாப்பு கருதி. முப்பத்தொரு வருஷம் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்தவளுக்கு அந்த மொழி கையோடு வரும், கேட்காமலேயே வரும். தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன். அன்னாரின் உடல்நிலை கருதி. அன்னாரின்! எப்சியை அன்னார் என்று மின்னஞ்சலில் எழுதியிருக்கிறாள். முப்பது வருஷம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் தயிர்சாதம் தின்றவளை, ஏட்டி என்று கூப்பிட்டால் ஏட்டி என்று திரும்புகிறவளை, அன்னார். அந்த மின்னஞ்சலை இத்தனை நாளில் எத்தனை தடவை படித்தாள் என்று கணக்கில்லை. போனில் அனுப்பியவை என்கிற இடத்தில் இன்னும் கிடக்கிறது. அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோவாள், அழித்தால் மட்டும் என்ன என்று விட்டுவிடுவாள்.

"வடிவுசான், தண்ணீர்?" என்றாள் கனாயே, அவர்கள் ஊர் மரியாதையில். வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு வாங்கிக் குடித்தாள். வேண்டாம் என்று சொன்னதும் வாங்கியதும் ஏன் என்று அவளுக்கே புரியவில்லை. மூச்சு விசில் மாதிரி வந்தது. பாதையோரம் அரை கிலோமீட்டருக்கு ஒரு மரத்தூண் நட்டு எண் போட்டிருந்தார்கள். அடுத்த எண் வரட்டும், உட்காரலாம் என்று நினைத்தாள். எண் போட்டுத் தூண் நடுவதென்றால் எப்சிக்கு எவ்வளவு பிடிக்கும். கல் நட்ட இடமெல்லாம் எப்சிக்குச் சொந்த ஊர். வயல் வரப்புகளை அளந்து ஆட்கள் கொண்டுவருகிற குறிப்பை வைத்துப் புலப்படம் வரைவதுதான் இரண்டு பேருக்கும் வேலை. வடிவு வரைந்ததை மேலதிகாரி திருப்பி அனுப்புவார், எப்சி வரைந்ததை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் கையெழுத்துப் போடுவார். மை தொட்ட பேனாவை எப்சி தாளில் வைத்தால் அந்தக் கோடு எங்கேயும் தடிக்காது, எங்கேயும் மெலியாது. மூச்சை நிறுத்திக்கொண்டு போடுவாள். கோடு முடிந்ததும் உஸ் என்று விடுவாள். அந்தக் கைதான். வலது கை. முதலில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும், கண்ணுக்குத் தெரியாத ஒரு உளுந்தை உருட்டுகிற மாதிரி. "இது என்னட்டி, என் கையி என்னையக் கேக்காம வேலை செய்யுது" என்று சிரித்துக்கொண்டுதான் காட்டினாள். நடுக்குவாதம் என்று டாக்டர் சொன்னார். ஆரம்பநிலை, மாத்திரை போதும், நடங்கள், நிறைய நடங்கள், நடப்பதுதான் மருந்து என்றார். அப்படியானால் ஜப்பானுக்குச் சீக்கிரமாகப் போய்விடவேண்டியதுதான் என்றாள் எப்சி. ஏழு வருஷத்துக்கு முன்னால் பல் டாக்டரிடம் காத்திருந்தபோது ஒரு பழைய பத்திரிகையிலிருந்து எப்சி சத்தம் வராமல் கிழித்துக்கொண்டு வந்த பக்கத்தில் இருந்த இடம் அது. மலைக்காட்டுக்குள் கல்பாவிய ஒற்றையடிப் பாதை, இரண்டு பக்கமும் வானத்துக்குப் போகிற மரம். குமானோ என்று பெயர். ரிட்டயர் ஆனதும் போறோம் என்றாள் எப்சி. போறோம் என்றாள் வடிவு. இந்தப் பயணம் எப்சியுடையது. வடிவு கூட வர ஒத்துக்கொண்டவள், அவ்வளவுதான்.

கூட வர ஒத்துக்கொண்டவள் வந்துவிட்டாள். காலை வைத்தாள், கல் வழுக்கியது, கம்பை ஊன்றினாள். பயணத்தை ஏற்பாடு செய்த சென்னைச் சுற்றுலாக்காரர்கள் ஆளுக்கொரு படிவம் அனுப்பி, ஏதாவது நோய் உண்டா என்று கேட்டிருந்தார்கள். எப்சி ஒன்றும் எழுதவில்லை. டாக்டரே போ என்கிறார், இவர்களிடம் என்னத்துக்கு என்றாள். அதில் ஒரு சின்னத் தப்பு உண்டு, வடிவு அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். மறைப்பது தப்பு. மலையில் விழுந்தால் யார் பொறுப்பு? அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் மனசு அந்த இடத்தில் நிற்காது. நழுவி மின்னஞ்சல் எழுதியதற்கு முந்தைய சாயங்காலத்துக்குப் போய்விடும். மைதானத்தில் நாலாவது சுற்றில் எப்சி கால் தட்டி முன்னால் சாய்ந்தாள். விழவில்லை, வடிவு முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மீதி நாலு சுற்றும் அந்த முழங்கையை விடவில்லை. எப்சி ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். வடிவுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அவள் கைக்குள் இருந்த எலும்பு எப்சியுடையதாக இல்லை, கணேசனுடையதாக இருந்தது. ஒன்பது வருஷம் பிடித்த முழங்கை. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் போன புருஷனை அவள் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கக்கூஸுக்கும், கக்கூஸிலிருந்து கட்டிலுக்கும் ஒன்பது வருஷம் நடத்தினாள். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போன அன்றைக்கு எல்லாரும் அழுதார்கள், அவளும் அழுதாள், அழுதுகொண்டே தன் இரண்டு கைகளும் சும்மா மடியில் கிடப்பதைப் பார்த்தாள். எவ்வளவு லேசாக இருந்தன. அதை யாரிடமும் சொன்னதில்லை, எப்சியிடம்கூட. இப்போது மறுபடி ஒரு முழங்கை. ஐந்து நாள், மலையில், மழையில், காலையிலிருந்து சாயங்காலம் வரை. என்னால் முடியாதுட்டி, நான் வரலை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எப்சி இரண்டு நாள் கோபப்பட்டிருப்பாள், பிறகு வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு வந்திருப்பாள். ஆனால் வடிவுக்குத் தானும் வரவேண்டியிருந்தது. வெறுங்கையோடு வரவேண்டியிருந்தது. மறுநாள் காலை காப்பி கூடக் குடிக்காமல் உட்கார்ந்து சுற்றுலாக்காரர்களுக்கு எழுதினாள். குழுவினரின் பாதுகாப்பு கருதி. இத்தகவல் என்னால் தெரிவிக்கப்பட்டது என்பது வெளியில் தெரியவேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

தூண் வந்தது. உட்கார்ந்தாள். கனாயே உட்காரவில்லை, அவசரப்படுத்துகிற மாதிரி நிற்கவும் இல்லை. ஒரு மரத்தில் கையை வைத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னால் எல்லாருக்கும் தாமதம்" என்றாள் வடிவு ஆங்கிலத்தில். இதைச் சொன்னால் இல்லவே இல்லை என்று மறுப்பாள் என்று எதிர்பார்த்தாள். கனாயே மறுக்கவில்லை. "ஆமாம், கொஞ்சம் தாமதம்தான்" என்றாள். "அவர்கள் மேலே உட்கார்ந்து சோற்றுருண்டை சாப்பிடுவார்கள். நல்ல இடம், நிறைய நேரம் உட்காரலாம். உங்களால்தான் அவர்களுக்கு அது கிடைக்கிறது." பிறகு, பேச்சு எங்கேயும் இடறாமல், கோயிலுக்குப் போகிற இந்தப் பாதைக்குப் பழைய காலத்தில் திடமானவர்களைவிட நோயாளிகள்தான் அதிகம் வருவார்கள் என்றாள். கண் தெரியாதவர்கள், கால் வராதவர்கள், மற்ற கோயில்களில் சேர்க்காதவர்கள். நடக்கவே முடியாதவரைச் சின்ன வண்டியில் வைத்து, வழியில் போகிற முன்பின் தெரியாத ஆட்கள் ஆளுக்குக் கொஞ்ச தூரம் இழுத்துவிட்டுப் போவார்களாம். தன் பாட்டனார் சொன்னது, நிஜமா என்று தெரியாது என்று சிரித்தாள். வடிவு சிரிக்கவில்லை. ஆளுக்குக் கொஞ்ச தூரம். ஐந்து நாளும் நானே பிடித்துக்கொண்டு நடக்கவேண்டியதில்லை, டாக்டரம்மா கொஞ்ச தூரம், இந்தப் பெண் கொஞ்ச தூரம், ஏன் இது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் எழுதியிருக்க மாட்டேனா. எழுதியிருப்பேன். அதுதான் இடிக்கிறது. எப்சிக்காகப் பயந்து எழுதியிருந்தால் இந்தக் கதை அதற்குப் பதிலாகியிருக்கும். வடிவு பயந்தது எப்சிக்காக இல்லை.

எழுந்தாள், நடந்தாள். மரங்கள் ஈரமாக, உரித்த மாதிரி சிவப்பாக நின்றன. ஒரு பறவை ஒரே சுருதியை இழுத்துவிட்டுக் கடைசியில் முறித்தது. எப்சியிடம் இதைச் சொல்லவேண்டும். சொல்லவேண்டும், ஏனென்றால் எப்சி கேட்பாள். தினமும் காலையில் குரல் அனுப்பிவிடுகிறாள். "என்னட்டி, இன்னைக்கு எத்தனை கல்லு? மரத்துல கைய வச்சுப் பாத்தியா, ஈரமா இருக்கா? எல்லாத்தையும் படம் எடு, நல்லா இருக்கறத மட்டும் எடுக்காத. காலுக்குக் கீழ எடு." சுற்றுலாக்காரர்கள் இந்தத் தடவை வேண்டாம்மா என்று எழுதியபோது எப்சி அழவில்லை. இரண்டு நாள் கழித்துத் தெற்கு பஜாரில் போய் அந்த மலைப்பகுதியின் வரைபடத்தைப் பெரிய தாளில் பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டினாள். வடிவு அனுப்புகிற படங்களைப் பார்த்துப் பார்த்து, அன்றன்றைக்கு நடந்த தூரத்தைப் பென்சிலால் அதில் வரைகிறாள். நேற்று அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். கோடு நடுங்கி, இழுத்து, முடிச்சு விழுந்து, அந்தக் கை போட்ட கோடா இது என்று வடிவு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கூடவே குரல்: "பாதை நெளிஞ்சுதான இருக்கும். முப்பது வருசமா இந்தக் கைக்கு நேர்கோடு போட்டே அலுத்துப்போச்சு, இப்பத்தான் ஏத்த வேலை கெடச்சிருக்கு." அதோடு விட்டிருந்தால் வடிவு இன்னும் இரண்டு நாளைத் தள்ளியிருப்பாள், ஊருக்குப் போயிருப்பாள், பிறகு ஒரு ஆயுளையும் தள்ளியிருப்பாள். இன்று காலை வந்த குரலின் கடைசியில், சும்மா, போகிற போக்கில், எப்சி சொன்னாள்: "சாம் நேத்தும் போன் அடிச்சான். நான் எடுக்கல." சாம் எப்சியின் மகன், பெங்களூரில் இருக்கிறான். ஒரே மகன். போகாதே அம்மா, போவதென்றால் நானே சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லிவிடுவேன் என்று ஒரு கோபத்தில் கத்தியிருந்தான். அதனால் சொன்னது அவன்தான் என்று எப்சிக்கு முடிவாகிப்போனது. இல்லம்மா, சத்தியமா இல்லை என்று அவன் சொல்லச்சொல்ல அவளுக்கு உறுதியானது. அவனோடு பேசி மூன்று மாதமாகிறது. எப்சி இதைச் சொன்ன அன்றைக்கு அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே வடிவு இதைக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "விடுட்டி, அவன் ஒன் நல்லதுக்குத்தான செஞ்சிருப்பான்" என்றாள். அந்த வாக்கியம். மின்னஞ்சலைவிட அந்த வாக்கியம். மின்னஞ்சல் ஒரு பயத்தில் எழுதியது என்றாவது வைத்துக்கொள்ளலாம். இந்த வாக்கியத்துக்கு என்ன பெயர் வைப்பது? காப்பியில் சீனி சரியாக இருந்தது என்பதுகூட ஞாபகமிருக்கிறது.

மரங்கள் சட்டென்று விலகி வெளிச்சம் வந்தது. உச்சிமேடு. எதிரே மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் மலை, பச்சை நீலமாகி, நீலம் சாம்பலாகி, கடைசி மலை மலையா மேகமா என்று தெரியவில்லை. ஏழு பேரும் ஆங்காங்கே உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா, "வாங்க வாங்க, உங்களுக்காக ஒரு உருண்டை எடுத்து வச்சிருக்கேன்" என்றாள். ஒருவர் முகத்திலும் சலிப்பு இல்லை. இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். வடிவு உருண்டையை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். படம் எடுக்கப் போனைத் தூக்கினாள். தொடர்பு இருக்கிறது என்று காட்டியது. இங்கே பதினொரு மணி, அங்கே ஏழரை. எப்சி எழுந்து, மாத்திரை போட்டு, சுவரின் முன்னால் பென்சிலோடு நிற்கிற நேரம். சொல்லப்போகிறேன் என்று முடிவு செய்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. விரல் அழுத்திவிட்டது. கூட்டத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி, ஒரு மரத்துக்குப் பின்னால் போய் நின்றாள்.

"ஏட்டி! போனே அடிச்சிட்டியா! எங்க இருக்க, மேல ஏறிட்டியா?"

"ஏறிட்டேன். எப்சி, ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும்."

"மலை தெரியுதா? மொதல்ல அதச் சொல்லு. எத்தனை வரிசை தெரியுது?"

"எப்சி. அவங்களுக்குச் சொன்னது சாம் இல்ல. நான்தான். நான்தான் எழுதிப் போட்டேன்."

போனின் எதிர்முனையில் குக்கர் விசில் அடித்தது. ஒன்று. இரண்டு. வழக்கமாக மூன்றில் எப்சி அணைப்பாள். நாலாவது அடித்தது.

"எதுக்கு?" என்றாள் எப்சி.

பாதுகாப்பு கருதி என்று நாக்கு நுனி வரை வந்தது. "ஒன்னப் பிடிச்சுக்கிட்டு நடக்க எனக்கு முடியலட்டி" என்றாள் வடிவு. "கணேசனப் பிடிச்சுப் பிடிச்சு எனக்கு... இன்னொரு ஆளப் பிடிக்க முடியாதுன்னு தோணிச்சு. ஒன்ட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. எம்மேல தப்புட்டி."

"ஒன்னப் பிடிக்கச் சொன்னேனா நான்? ஒரு நாளாவது சொன்னேனா?"

"இல்ல."

"விழுந்திருந்தா நான் விழுந்திருப்பேன். எந்திச்சிருப்பேன்." எப்சியின் குரல் ஏறவில்லை. அலுவலகத்தில் யாரோ அளந்து தந்த குறிப்பில் பிழையைக் கண்டுபிடித்தபோது வருகிற, தாழ்ந்த, சரியான குரல். "மூணு மாசமா எம்பிள்ளைட்ட பேசல நான். நீ பக்கத்துல உக்காந்து காப்பி குடிச்ச."

"ஆமா."

"சரி. அத நான் பெறவு பாத்துக்கிடுதேன். இப்ப ஏன் சொன்ன? ரெண்டு நாள் கழிச்சு இங்க வந்து, எம்முன்னால உக்காந்து சொல்லிருக்கலாம்லா. இன்னும் ரெண்டு நாள் நடை பாக்கி இருக்குலா. நடை முடியுத அந்தப் பெரிய அருவி வரைக்கும் நான் கோடு போட்டிருப்பேம்லா." இங்கேதான் முதல் தடவையாகக் குரல் உடைந்தது. "நீ மூட்டைய எறக்கி வச்சிட்ட. நல்லா இருக்கும் ஒனக்கு. இனிமே அந்தச் சுவத்த நான் எப்படிட்டி பாப்பேன்?"

சாமுக்காகத்தான் சொன்னேன் என்று வடிவு சொல்ல வாயெடுத்தாள், போனை அழுத்தியபோது சாம் நினைவில் இல்லை என்பது தெரிந்து மூடிக்கொண்டாள். இலைகளில் தட்தட் என்று சத்தம் ஆரம்பித்தது. மேலே மேகம் எப்போது இறங்கியது என்று தெரியவில்லை, கடைசி மூன்று மலையைக் காணோம்.

"வையி. நான் சாமக் கூப்பிடணும்" என்றாள் எப்சி. வைக்கவில்லை. "மழையா அங்க? சத்தம் கேக்கு."

"ஆமா."

"பாத்து எறங்கு" என்றாள். வைத்துவிட்டாள்.

பாத்து எறங்கு. எல்லாரும் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள், வடிவும் மாட்டிக்கொண்டாள், கை எது தலை எது என்று தெரியாமல் அவள் தடுமாற, டாக்டரம்மா வந்து இழுத்துவிட்டாள். பாத்து எறங்கு என்றால் என்ன? பிரியமா? முப்பது வருஷப் பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னதா? பஸ்ஸிலிருந்து இறங்குகிற முன்பின் தெரியாத கிழவியிடமும் எப்சி அப்படித்தான் சொல்வாள். அல்லது, நீயாவது பார்த்து இறங்கு, நான் விழுவேன் என்றாயே என்பதா. அப்படிக் குத்தத் தெரிந்தவள் இல்லை எப்சி. தெரியாதவள் என்று எனக்கு என்ன தெரியும்? ஒரு கல், அடுத்த கல். கீழே இறங்கினால் அந்தப்பக்க ஊரில்தான் வண்டி. நடுவில் வழி கிடையாது, திரும்பவும் முடியாது. இன்னும் மூன்று மணி நேரம். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, இறக்கத்தில் கம்பு கல்லில் நிற்காமல் வழுக்கியது. கனாயே பக்கத்தில் வந்து கையை நீட்டினாள். வேண்டாம் என்றாள் வடிவு. இது வேண்டாம், இது எனக்குக் கிடையாது, எப்சிக்குக் கிடைத்திருக்க வேண்டிய கை இது. தனியாக இறங்குவேன், விழுந்தால் விழுகிறேன். அடுத்த படியில் பாசி இழுத்தது, சப்பென்று உட்கார்ந்தாள், இடுப்பு விண்ணென்றது. எழவில்லை. உட்கார்ந்தபடியே, குழந்தைகள் மாடிப்படி இறங்குவதுபோல, ஒவ்வொரு கல்லாகக் கையை ஊன்றி இறங்க ஆரம்பித்தாள். உள்ளங்கை எரிந்தது, சேலைக்குப் பதில் போட்டிருந்த பழக்கமில்லாத கால்சட்டை பின்பக்கம் முழுக்க நனைந்து ஒட்டியது. நல்லது, வேண்டும் எனக்கு. பத்துப் படி, இருபது படி. ஒரு வளைவில் தலையைத் தூக்கினாள். கீழே ஏழு பேரும் நின்றிருந்தார்கள். மழைக்கு ஒதுங்க அங்கே ஒன்றுமில்லை. ஒருவரும் முன்னால் போகவில்லை. டாக்டரம்மாவின் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கத் துடைக்க அவள் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்டனை என்று வடிவு எடுத்துக்கொண்டதில் அவர்கள் நனைந்துகொண்டிருந்தார்கள்.

அவளுக்கு அப்போது தன்மேல் வந்தது கோபம்கூட இல்லை, ஒரு அலுப்பு. கனாயேயின் பக்கம் திரும்பி முழங்கையை நீட்டினாள். அந்தப் பெண்ணின் பிடி இறுக்கமாக, சூடாக இருந்தது. எழுந்ததும் வடிவுக்கு அழுகை வந்தது. அழுதால் படி தெரியாது என்று கண்ணைத் துடைத்துவிட்டு, அடுத்த கல்லைப் பார்த்துக் காலை வைத்தாள்.